இரண்டு கேமராக்களும் ஒரு பச்சைக் கட்டையும்

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் எடுத்த ஒரு புகைப்படத்தால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. படத்தில் இருந்ததெல்லாம் அங்கே உண்மையில் இருந்தவைதான். இருந்தவற்றில் சிலவற்றை மட்டும் தெரியாமல் ஆக்கியிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அவர் பெயர் மாதேஷ். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் மிஷினின் ஆபரேட்டர். அதே தொழிற்சாலையில் நான் தர ஆய்வுப் பிரிவின் தலைவன். இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று, சொந்த ஊரான நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டேன். பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்தி, அதுவரை என் பொறுப்பில் இருந்த கம்பெனியின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவையே பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை எடுத்த கேமரா அதுதான். மேடையில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், சட்டைப் பையில் போடுகிற அளவுக்குச் சின்னக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். "அந்தச் செங்கல்லைத் தூக்கிப் போடுங்கப்பா. இது அதைவிட இரண்டு மடங்கு பிக்சல்" என்றான். மனைவியிடம், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும், ஓசூர்ப் பக்கம் நான்கு நாள் போய்வருகிறேன் என்றேன். அது பாதி உண்மை. மாதேஷைத் தேடிப் பார்த்து, பெரிய கேமராவை அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்பது என்பது மீதிப் பாதி. அறுபதைத் தாண்டிவிட்ட வயதில் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் ஓசூரில் இறங்கியபோது விடிந்திருந்தது. எங்கள் ஊரில் வேர்வையோடு விடியும். இங்கே ஆனி மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டவர்கள் நின்றார்கள். பஸ் நிலையத்துக்குள் நான்கு மொழிகளில் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் என் தோளில் தொங்கிய பெரிய கேமராவைப் பார்த்துவிட்டு, "எந்தப் பேப்பருங்க சார்?" என்றார். பேப்பர் இல்லை என்றேன். "அப்போ கல்யாணமா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் அடையாள அட்டையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். என் சட்டைப் பையில் இருந்த இன்னொன்றை அவர் கவனிக்கவே இல்லை. அந்த நான்கு நாளும் இந்த வித்தியாசத்தைப் பார்த்தேன். பெரியதைத் தூக்கினால் மனிதர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பொம்மை மாதிரி நிற்கிறார்கள். சின்னதை நீட்டினால் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை.

இட்லியும் இனிக்கிற சாம்பாரும் சாப்பிட்டேன். இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டும் என் நாக்கு ஒத்துக்கொள்ளாத சாம்பார் அது. பிறகு தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய், பழைய தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர் டீ. அதற்குப் பின்னால் ரோடு, காவலாளி அறை, வாசல். அதே டம்ளரைப் பெரிய கேமராவில் ஒன்று, சின்னதில் ஒன்று எடுத்தேன்.

சாயங்காலம் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டையும் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பெரிய கேமராவின் படத்தைப் பார்த்து, "பேக்ரவுண்டு என்னமா போயிருக்குது சார். கல்யாண ஆல்பத்துக்கு இதத்தான் கேக்குறாங்க" என்றார். டம்ளர் மட்டும் துல்லியமாக நின்றது. விளிம்பில் ஒரு துளி டீகூடத் தெரிந்தது. பின்னால் இருந்த ரோடும் வாசலும் பாலில் கரைந்தாற்போல் போயிருந்தன. சின்னக் கேமராவின் படத்தைத் திறந்ததும் அவர் சிரித்தார். "இதுல எல்லாமே தெரியுது சார். குப்பைத்தொட்டி, போஸ்டரு, நாய்கூடத் தெரியுது."

அதுதான் இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம். பெரிய கேமராவில் லென்ஸின் வாயை அகலத் திறந்து எடுத்தால், நாம் குறி வைத்த பொருள் மட்டும் தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். வாயைச் சுருக்கினால் எல்லாம் தெளியும். எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பது எடுக்கிறவன் கையில். சின்னக் கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருட்டில் புள்ளி புள்ளியாகிவிடும், பொத்தானை அமுக்கி அரை நொடி கழித்துத்தான் படம் பிடிக்கும். ஆனால் முன்னால் இருப்பதை எல்லாம் காட்டிவிடும்.

மாதேஷுக்கு வேலை போன கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரஸ் மிஷின் ஒவ்வொன்றிலும் இடமும் வலமும் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் வலது பொத்தானில் ஒரு மரக்கட்டையைச் செருகி அமுக்கியே வைத்துவிடுவார்கள். பெட்டிப் பலகையிலிருந்து அதை அறுத்துக் கொடுத்ததே பராமரிப்புப் பிரிவுதான். பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பொத்தானின் நிறத்திலேயே பச்சை டேப் சுற்றியிருக்கும். தொழிலாளிகள் அதை மச்சான் என்பார்கள். "மச்சான் ஒரு கையப் பாத்துக்குவான், நீ இன்னொரு கையில வேலயப் பாரு" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன். காலையில் கையுறை வாங்கும்போது கட்டையையும் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மாதேஷின் வலது கை உள்ளே இருந்தபோது மிஷின் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அரை மணி நேரத்தில் கேமராவோடு வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. பழக்கத்தால் முதலில் லென்ஸைச் சுருக்கி, ஸ்டாண்டில் வைத்து, முழு வரிசையும் தெளிவாக ஒரு படம் எடுத்தேன். அப்போது மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்று, "பின்னால இருக்கிறதெல்லாம் படத்த அசிங்கப்படுத்தாம பாத்துக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. லென்ஸை முழுக்கத் திறந்தேன். மாதேஷின் மிஷினில் இருந்த பச்சைக் கட்டையும், "இரு கைகளாலும் அழுத்தவும்" என்ற பலகையும் துல்லியமாக விழுந்தன. பின்னால் இருந்த நான்கு மிஷின்களும் அவற்றின் நான்கு பச்சைக் கட்டைகளும் மங்கிப் போயின.

அடுத்த நாள் காலைக்குள் மற்ற கட்டைகள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. விசாரணையில் என் படம்தான் சாட்சி. மாதேஷ் தன் இஷ்டத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டார் என்று எழுதி அவரை அனுப்பினார்கள். மற்ற ஆபரேட்டர்கள் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் எடுத்த தெளிவான படத்தை நான் அழிக்கவில்லை. மனசாட்சியால் அல்ல. நல்ல படமாக வந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் படத்தை மெமரி கார்டோடு கொண்டுவந்திருந்தேன். அதையும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். "இது என்னங்க சார், ஒரே மிஷினா இருக்குது" என்றார் அந்தப் பெண்.

இரண்டாம் நாள் மாதேஷின் ஊரான கெலமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் கன்னடத்தில் டிக்கெட்டுக்குச் சண்டை போட்டார், முன் சீட்டில் இருந்த தங்கையிடம் தெலுங்கில் கண்டக்டரைத் திட்டினார், என் பக்கம் திரும்பித் தமிழில், "நீங்களே சொல்லுங்க சார், கீரைக்கும் டிக்கெட்டாம்" என்றார். பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி நின்றோம். கண்டக்டர் டிரைவரிடம் கன்னடத்தில் சொன்னதை அந்த அம்மாளே எனக்கு மொழிபெயர்த்தார்: "ஸ்டெப்னியும் பஞ்சராம். நேத்தே சொன்னானாம். டிரைவர் கேக்கலையாம்."

தக்காளிக் கூடைகளோடு வந்த ஒரு டெம்போவில் ஆறு பேர் ஏறிக்கொண்டோம். நிற்கிற இடத்தில் ஒரு கூடைமேல் என் முழங்கை ஊன்றிக்கொண்டது. இறங்கும்போது சட்டைக்கையில் தக்காளிச் சாறு. பெரிய கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததில் கை மரத்துப்போயிருந்தது. சின்னது பையில் இருப்பதே தெரியவில்லை. மகன் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மாதேஷின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. "கை போன மாதேசா, ஆட்டு யாவாரி மாதேசா?" என்று கேட்டார் ஒருவர். இரண்டும் ஒருவர்தானா என்றேன். "ரெண்டும் ஒருத்தர்தான். எதுக்கு வந்தீங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி சாவித்திரி மட்டும் இருந்தார். ஆடு வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார். "அவுரு சுத்துப்பட்டு ஊருக்கு ஆடு புடிக்கப் போயிருக்காருங்க. நாளைக்குக் குந்தாரப்பள்ளி சந்தையில இருப்பாரு. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. களி இருக்குது, சாப்புடுவீங்களா?" என்றார். ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன். நாகர்கோவிலில் யாரிடம் சொன்னாலும் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டு உருண்டை சாப்பிட்டேன். அதன் பிறகுதான் நான் யார் என்று சொன்னேன். சாப்பிடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் தட்டை எடுத்தார். செம்பில் தண்ணீர் ஊற்றினார்.

"கை கழுவுங்க" என்றார். கழுவினேன்.

"வேலைய விட்டு அனுப்புன அந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்மா."

"காசு கொஞ்சம் குடுத்தாங்க. அது போயிடுச்சு. அந்த லெட்டரு போவல. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கையப் பாக்க மாட்றாங்க, லெட்டரத்தான் பாக்குறாங்க. தானே கட்டை வெச்சிக்கிட்டவரு, நம்ம கம்பெனிக்கு எதுக்குன்றாங்க. எங்க அப்பாவே கேட்டாரு, ஏம்மா உம் புருசன் அவ்ளோ அவசரக்காரனான்னு." புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. சந்தைக்குப் போங்க. அவுருகிட்டயே சொல்லுங்க."

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் குந்தாரப்பள்ளியில் இறங்கினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆடு, மாடு, கோழி, கயிறு, சாட்டை, பிளாஸ்டிக் குடம் என்று சந்தை பாதி விரிந்திருந்தது. மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற டிராக்டர் ஒன்று போக்குவரத்தில் மாட்டி, சாணி நாற்றத்தின் நடுவே பழ வாசனையைப் பரப்பிக்கொண்டிருந்தது. சூடான போண்டா இரண்டு தின்றேன்.

மாதேஷ் கண்ணில் படும்வரை கேமராக்களைச் சோதித்தேன். ஒரு வெள்ளாட்டின் முகத்தைச் சின்னக் கேமராவில் எடுத்தேன். பொத்தானை அமுக்கி அது பிடிப்பதற்குள் ஆடு திரும்பிவிட்டது. வால்தான் விழுந்தது. மூன்று முறையும் வால். பெரிய கேமரா நினைத்த நொடியில் பிடித்தது. ஆனால் அதைத் தூக்கியதும் வியாபாரிகள் பேச்சை நிறுத்தி, "எதுக்குப் போட்டோ? எந்த ஆபீசு?" என்று கூடிவிட்டார்கள். பிறகு தூக்கவில்லை.

இந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் வலது கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அமுக்கியே பேரம் நடக்கும். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் தொகை. வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டுவது, உதறுவது, மறுபடி கோப்பது. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக இந்த வழக்கம். மூன்று விரல் இல்லாத ஒருவர் இந்த இடத்தில் எப்படிப் பிழைக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

கூட்டத்தின் கோடியில் ஒரு குரல் மட்டும் விலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் மாதேஷ். தோளில் துண்டு இருந்தது, ஆனால் கையை மூடவில்லை. எதிரில் நின்றவர், "வாயால சொன்னா ஊருக்கே தெரியுதேப்பா" என்று அலுத்துக்கொண்டார். "எனக்கு வாயிலதான் வெரலு இருக்குது. மூடி வெச்சிப் பேசணும்னா அந்தாண்ட போ. அங்க எத்தன வெரல்ல ஏமாந்தேன்னு வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்" என்றார் மாதேஷ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆடு கை மாறியது.

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். வீட்ல போன்ல சொன்னாங்க" என்றார்.

"நல்லா இருக்கீங்களா மாதேஷ்?"

"என்ன சார், மரியாதையெல்லாம் குடுக்குறீங்க. உள்ள இருந்தப்ப வாப்பா போப்பாதான். ரிட்டயர்டு ஆனா இதெல்லாம் வருமா?"

சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். மேலாளர் சொன்னதும், லென்ஸைத் திறந்ததும், தெரிந்தே செய்ததும். சுற்றி ஆடுகள் கத்திக்கொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க போட்டோ எடுத்தப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றார் மாதேஷ். "என்கொயரிலதான் பாத்தேன். நல்லா இருந்திச்சு சார். காலண்டர்ல போடலாம் மாதிரி. எங் கட்டைய மட்டும் அவ்ளோ அழகா புடிச்சிருந்தீங்க."

தெளிவான படத்தின் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, வலது கையின் சுண்டுவிரலால் ஒவ்வொரு மிஷினாகத் தொட்டார். "இது மணி மச்சான். இது கோவிந்தன் மச்சான். இது அந்த மதுரைக்காரன். இது பாபு." நான்கு கட்டைகளும் பச்சையாகத் தெரிந்தன. "இது அன்னிக்கே உங்ககிட்ட இருந்திச்சா?"

"இருந்தது."

"எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"நல்ல படமா வந்திருந்தது."

திட்டுவார் என்று நின்றேன். அதற்குள் ஒருவர் ஆட்டின் பல்லைப் பார்க்க வந்துவிட்டார். அந்த வியாபாரம் முடியும்வரை வெயிலில் காத்திருந்தேன்.

திரும்பி வந்ததும், வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்த காரியத்தைச் செய்தேன். பெரிய கேமராவைத் தோளிலிருந்து கழற்றி, "இது அந்தப் படத்துக்குக் கிடைச்ச கூலி. இது என்கிட்ட இருக்கக் கூடாது. நீங்க வெச்சுக்கணும்" என்று நீட்டினேன்.

மாதேஷ் பழக்கத்தில் வலது கையை நீட்டி வாங்கினார். அந்தக் கேமராவின் வலது பக்கம் கைப்பிடி புடைத்திருக்கும். மூன்று விரல்கள் அதைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் மேலே பொத்தானில் இருக்க வேண்டும். அவருடைய கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கேமரா வழுக்கியது. தரையில் விழுவதற்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஐந்து வருடம் அதைத் தினமும் கையில் எடுத்திருக்கிறேன், மாதேஷின் கை எப்படி ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

"சார்" என்றார் மெதுவாக. "இத எந்த வெரலால அமுக்குறது?"

பக்கத்தில் இருந்த வியாபாரி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மாதேஷ் கேமராவை என் தோளிலேயே மாட்டிவிட்டார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். "அது என்ன?"

சின்னதை எடுத்துக் கொடுத்தேன். அவர் இடது கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பொத்தான் வலது மூலையில் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இப்போது பொத்தான் இடது பக்கம் அடியில் வந்தது. இடது கட்டைவிரலால் அமுக்கினார். நேராகத் திருப்பிப் பார்த்தபோது திரையில் நான் தலைகீழாக நின்றேன், பின்னால் ஆடுகளும் லாரிகளும் தலைகீழாக. "வருது" என்றார். சந்தை கலைந்த பிறகும் அதைத் திருப்பித் தரவில்லை.

"நாளைக்குக் கிருஷ்ணகிரித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றேன்.

"குடுங்க. ஆனா அது ஃபைலுக்குள்ள போயிடும் சார். மொதல்ல வாயால சொல்லுங்க. காலைல ஷிப்டு மாறுறப்ப, கம்பெனி கேட்டாண்ட. மணி, கோவிந்தன் எல்லாரும் டீ குடிக்க வருவாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க."

"நீங்க வருவீங்களா?"

"வருவேன். சும்மா நிப்பேன்."

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு அதே டீக்கடை. பனி இருந்தது. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண் சிவந்து வெளியே வந்தார்கள், காலை ஷிப்ட்காரர்கள் டிபன் டப்பாவோடு வந்தார்கள். மாதேஷ் ஒரு ஓரத்தில் நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவர்கள் அவரைப் பார்த்ததும் டம்ளரோடு தள்ளிப் போனார்கள். நான் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. விபத்து நடந்த அன்று வரிசை முழுக்கக் கட்டை இருந்ததையும், படத்தில் அதை நான் மறைத்ததையும், கிருஷ்ணகிரிக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னேன்.

கோவிந்தன்தான் முதலில் பேசினார். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? நீங்க பென்ஷன் வாங்கிக்கினு போயிட்டீங்க. நாங்க இன்னும் உள்ளதான் வேல செய்றோம்." அவர் சொன்னது நியாயம்தான்.

பின்னாலிருந்து யாரோ, "மச்சான் இன்னும் உள்ளதான் கீறான் சார். பச்சச் சட்டைய மட்டும் கழட்டிட்டான்" என்றார். சில பேர் சிரித்தார்கள். மணி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்டயும் இருந்திச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "பாக்கலன்னு நானும் கையெழுத்துப் போட்டேன். தப்புதான் மாதேசு."

மாதேஷ் சின்னக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எங்களை ஒரு படம் எடுத்தார். காவலாளி ரோட்டைத் தாண்டி வந்து, "இங்க கூட்டம் போடக் கூடாது" என்றார். டீ குடிக்கிறோம் என்றார் மணி.

பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை மாதேஷ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். அலுவலகத்தில் இருந்த அதிகாரி என் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். "இது பின்னாடி மாத்துனது இல்லன்னு எப்படி நம்புறது? ஏன் இவ்வளவு நாள் கழிச்சு?" இரண்டாவது கேள்விக்குப் பயம் என்று சொன்னேன். முதல் கேள்விக்குப் பெரிய கேமராவையும் அதன் கார்டையும் மேஜைமேல் வைத்தேன். படம் எடுத்த நாளும் நேரமும் எடுத்த கேமராவின் எண்ணும் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். உதவியாளர் ஒருவர் கம்ப்யூட்டரில் திறந்து, கேமராவைத் திருப்பி அடியில் பொறித்திருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போயிற்று. கேமராவைச் சாட்சியாக விட்டுவிட்டுப் போக முடியுமா என்றார் அதிகாரி. முடியும் என்றேன். ரசீது எழுதிக் கொடுத்து, அதை ஒரு பச்சை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பஸ் நிலையத்தில் பிரியும்போது மாதேஷ் சின்னதைத் திருப்பித் தரச் சட்டைப் பையில் கை விட்டார். இருக்கட்டும் என்றேன். யோசித்துவிட்டு, "சரி" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு கேமராவோடு போனவன் ஒன்றுமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன். மகன் போனில், "எதுப்பா பெட்டர்?" என்று கேட்டான். இரண்டும் அங்கேயே இருக்கின்றன என்றேன். அவனிடம் முழுவதையும் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

பழைய மேலாளர் போனில் அழைத்தார். "உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்றார். ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன். அதன் பிறகு அந்த வட்டத்தில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. மணி கிருஷ்ணகிரிக்குப் போய் வாக்குமூலம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். பாபுவும் போனாராம். கோவிந்தன் போகவில்லை. நான் இரண்டு முறை விசாரணைக்குப் போய் வந்தேன். மாதேஷ் வணக்கம் சொல்வார். அதற்கு மேல் இல்லை.

அடுத்த மாம்பழக் காலத்தில், கெலமங்கலத்தில் ஏதோ பிரவுசிங் சென்டரிலிருந்து, விசாரணைக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. ஒரு படம் மட்டும் இருந்தது, தலைகீழாக. எனக்குக் கம்ப்யூட்டரில் அதைத் திருப்பத் தெரியவில்லை. பிரிண்ட் எடுத்துக் கையால் நேராக்கிப் பார்த்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தின் முத்திரை போட்ட ஒரு காகிதம். பொத்தானில் கட்டை வைத்தது தொழிலாளி தாமாகச் செய்த செயல் அல்ல என்று நடுவில் ஒரு வரி. அதை ஒரு வலது கை கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் விரித்துப் பிடித்திருந்தது. பின்னால் வாசற்படியில் சாவித்திரி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு ஆடுகள் கட்டியிருந்தன. அதற்கும் பின்னால் ரோட்டில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்க முடிந்தது.